தேசி இலையில் ஒரு வெள்ளிக் கோடு

மாரி மழை ஓய்ந்து வெயில் மீண்டும் முகங்காட்டத் தொடங்கியதும் தேசி மரங்கள் தளிர்விடுகின்றன. அந்நாள்களில் இளந்தளிர் ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். இலையின் ஓரிடத்தில் நூலளவாகத் தொடங்கி, வளைந்தும் நெளிந்தும் சென்று, போகப் போக அகலும் ஒரு வெள்ளிக் கோடு தென்படக்கூடும். அக்கோட்டின் நடுவே மயிரிழை போன்ற கரும்பழுப்புக் கீற்று ஒன்று ஓடும். கோடு இலையின் விளிம்பை அடைந்ததும் நின்றுவிடும். விளிம்பும் அவ்விடத்திற் சிறிது மடிந்திருக்கும்.

இக்கோடு நத்தை ஊர்ந்த தடமா என்று சம்மாந்துறை வாசகர் ஒருவர் கேட்டெழுதியுள்ளார். கேள்வி நல்ல கேள்வியே. வெள்ளிபோல் மினுங்கும் தடத்தைக் கண்டவுடன் நத்தையை நினைப்பது இயல்பு. ஆயினும், நத்தையின் தடம் இலையின் மேலே படிவது. விரலாற் சுரண்டினால் உதிர்ந்துவிடும். தேசி இலையின் கோட்டை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனெனில் அஃது இலையின் மேலில்லை, இலைக்குள்ளே இருக்கின்றது. தோலுக்கும் சதைக்கும் இடையே வெட்டப்பட்ட சுரங்கம் அது. வெட்டியது ஓர் அந்துப்பூச்சியின் புழு.

அந்துப்பூச்சி என்றதும் விளக்கைச் சுற்றி வரும் பருத்த பூச்சிகளையோ, கம்பளித் துணியை அரிக்கும் பூச்சியையோ வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாகாது. வயல் சூழ்ந்த ஊராகிய சம்மாந்துறையிலுள்ளோருக்கு அளவு சொல்வதாயின், சிறகை மடக்கி அமர்ந்திருக்கும்போது இப்பூச்சி அரிசிமணி ஒன்றின் நீளத்திற் பாதிகூட இராது. இரண்டு மில்லிமீற்றரே அதன் நீளம். சிறகை விரித்தால் நான்கு, ஐந்து மில்லிமீற்றர். முன்சிறகு வெள்ளி போன்ற செதில்களால் மூடப்பட்டது. அதன் நுனியில் மையாற் குத்தியது போன்ற ஒரு கரும்புள்ளி. பின்சிறகோ சிறகென்று சொல்லத் தகாதபடி ஒடுங்கி, இரு பக்கமும் நீண்ட மயிர்விளிம்பு கொண்டு, பறவையின் இறகொன்றைப் போல் இருக்கும். கண்ணுக்கு எட்டாத அழகு என்று இதனைச் சொல்லலாம். கைவில்லை ஒன்றிருந்தால் எட்டும்.

இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டவர் ஸ்ரெயின்ரன் என்னும் ஆங்கிலேயர். ஆண்டு 1856. அவர் விவரித்த பூச்சிகள் இங்கிலாந்திற் பிடிக்கப்பட்டவை அல்ல; கல்கத்தாவிலிருந்து சென்றவை. பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று அவர் பெயர் வைத்தார். பெயரின் முற்பகுதியில் இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கின்றது. பிற்பகுதியில் தேசி, தோடை ஆகியவற்றின் பேரினப் பெயரான சிட்ரஸ் இருக்கின்றது. ஸ்ரெயின்ரன் இத்தகைய நுண்ணிய அந்துகளுக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தவர். 1855 முதல் 1873 வரை பதின்மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூலின் வாசகம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், இலத்தீன் ஆகிய நான்கு மொழிகளிலும் இருந்தது. ஒரு மில்லிமீற்றர்ச் சிறகுக்காக நான்கு மொழிகள்! அக்காலத்து மனிதரின் பொறுமை நமக்கு வியப்பளிக்கின்றது.

இலைக்குட் சுரங்கம் வெட்டும் பழக்கம் மிகத் தொன்மையானது. அமெரிக்காவின் கன்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களிற் கிடைத்த இலைப் புதைபடிவங்களிற் காணப்படும் சுரங்கங்கள் ஏறத்தாழ 9 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 1994ஆம் ஆண்டில் அறிஞர்கள் எழுதினர். அவற்றுட் சில, நம் தேசிப்பூச்சி சேர்ந்த கூட்டத்தின் கைவேலை என்று சொல்லத்தக்க விதமாக அமைந்திருந்தன. பூக்கும் தாவரங்கள் உலகிற் பரவத் தொடங்கிய காலந்தொட்டே அவற்றின் இலைகளுக்குள் இக்கூட்டத்தார் குடியிருந்து வருகின்றனர் என்பது இதனால் விளங்கும். அப்பொழுது தேசியுமில்லை, அதைப் பிழிவாருமில்லை.

இனிப் பூச்சியின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

பொழுது சாய்ந்த பின்னரே இதன் நடமாட்டம். பகலில் இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு அசையாதிருக்கும். இருள் கவிந்ததும் ஆணும் பெண்ணும் கூடும். பெண்பூச்சி முட்டையிடத் தளிர் தேடிப் புறப்படும். முற்றிய இலையை அது நாடுவதில்லை. விரலின் ஒரு கணு அளவுகூட வளராத, இன்னும் துவண்டு தொங்கும் கொழுந்தே அதற்கு வேண்டும். பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில், நடுநரம்பின் அருகே, ஒவ்வொரு முட்டையாக இடும். முட்டை, தெறித்து விழுந்த நீர்த்துளியொன்று உலராது நிற்பதுபோல் இருக்கும். ஒரு பெண்பூச்சி தன் சிறு வாழ்நாளில் ஏறத்தாழ ஐம்பது முட்டைகள் வரை இடக்கூடும்.

வெப்பமான நாட்டில் இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிக்கும். அங்கே ஒரு விந்தை. மற்றப் புழுக்கள் முட்டையை உடைத்து வெளியே வந்து, பின்னர் இலையைத் தேடிக் கடிக்கும். இப்புழுவோ வெளியே வருவதேயில்லை. முட்டை ஒட்டியிருக்கும் இடத்திலேயே அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே இலைக்குள் இறங்கிவிடுகின்றது. வெயிலும் காற்றும் அதன்மேற் படுவதில்லை. குடம்பிப் பருவம் முழுவதும் அது திறந்த வெளியைக் காணாது.

உள்ளே சென்ற புழுவுக்குக் காலில்லை, உடல் தட்டையானது, நிறம் இளமஞ்சள் கலந்த பச்சை. வாயுறுப்புகள் கத்தரியின் அலகுபோல் தட்டையாக அமைந்து, மேற்றோலின் கலங்களை ஒவ்வொன்றாகக் கீறி அவற்றின் சாற்றை உறிஞ்சுகின்றன. பச்சையம் நிறைந்த சதையை அது தொடுவதில்லை. சாறு போன கலங்களிற் காற்றுப் புகுந்துவிடுகின்றது. அக்காற்றின் மேல் ஒளி பட்டுத் திரும்புவதனாலேயே கோடு வெள்ளிபோல் மினுங்குகின்றது. நடுவே ஓடும் கரும்பழுப்புக் கீற்று புழுவின் எச்சம். உண்டதும் கழித்ததும் ஒரே பாதையில் எழுதப்பட்டிருப்பதால், ஒரு புழுவின் குழந்தைப்பருவம் முழுவதையும் ஓர் இலையில் நாம் வாசித்துவிடலாம். கோடு அகலும் இடந்தோறும் புழு வளர்ந்திருக்கின்றது. மும்முறை தோலுரித்து நான்காம் பருவத்தை அடைந்ததும் அது உண்பதை நிறுத்திவிடும். சுரங்கத்தை இலையின் ஓரத்தில் முடித்துக்கொண்டு, பட்டு நூல் நூற்று, அந்நூலின் இழுவிசையால் இலைவிளிம்பை மடித்து அறையொன்று செய்து, அதற்குட் கூட்டுப்புழுவாக மாறும்.

இடையிற் சுரங்கத்தைக் கிழித்துப் புழுவை வேறோர் இலையில் விட்டுப் பார்த்தால், அது மீண்டும் உள்ளே போகமாட்டாது, இறந்துவிடும். தாய் தேர்ந்தெடுத்த இலையே அதற்கு உலகம். ஆகவே ஒரே கொழுந்தில் நான்கைந்து முட்டைகள் விழுந்துவிட்டால் உணவு போதாமற் சில மடிய நேரும்.

கூட்டுப்புழுவின் தலையிற் கூர்மையான ஒரு முள் உண்டு. காலம் வந்ததும் அது முள்ளால் அறையைக் கிழித்து, உடலைப் பாதி வெளியே நீட்டி, தோலை அங்கேயே விட்டுவிட்டு அந்துப்பூச்சியாகப் பறந்துபோகும். மடிந்த விளிம்பிலிருந்து காய்ந்த உமி போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால், பூச்சி போய்விட்டது என்று கொள்க.

முட்டை முதற் பறக்கும் பூச்சி வரை வெப்பம் மிகுந்த இடங்களில் இரண்டு வாரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். குளிர்ந்த இடங்களில் ஏழு வாரம் வரை நீளும். தென் யப்பானில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை என்றும், வட இந்தியாவின் மத்திய பகுதிகளில் ஒன்பது முதற் பதின்மூன்று வரை என்றும் கூறுவர். பறக்கும் பூச்சியின் ஆயுள் ஒரு வாரத்திற்கு முன்பின்.

இவ்வளவையும் விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. சம்மாந்துறையில் நாம் அறிந்த ஒரு சகோதரி, வீட்டு வளவிலேயே தேசி, தோடைக் கன்றுகளைப் பொலித்தீன் பைகளில் வளர்த்து விற்பவர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு அக்கன்றுகளின் தளிரிலேதான் தொங்குகின்றது. சென்ற ஆண்டு அவர் வளவுக்கு நாம் போயிருந்தபோது, வரிசை வரிசையாக நின்ற கன்றுகளின் நுனியிலைகள் யாவும் சுருண்டு கிடந்தன. வாங்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, வியாதிக் கன்று என்று திரும்பிப் போகின்றார்களாம்.

“மூணு தரம் மருந்து அடிச்சாச்சு சேர். அடிக்க அடிக்கப் புதுத் தளிரெல்லாம் முன்னையவிட மோசமாக் கிடக்கு” என்றார்.

“உரம் என்ன போடுறீங்க ராத்தா?”

“யூரியாதான். கன்று கெதியா எழும்ப வேணுமே? கிழமைக்கு ஒருக்காக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு ஊத்துறன்.”

விடை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. பெரிய மரமொன்று ஆண்டிற் சில தடவைகளே தளிர்விடும். தளிர் முற்றியதும் பூச்சிக்கு அங்கே வேலையில்லை, அடுத்த தளிர் வரும்வரை அதன் குலம் பசித்திருக்கும். நாற்றுமேடையிலோ ஓயாது நீரும் யூரியாவும் பெறும் கன்றுகள் எந்நாளும் கொழுந்துவிட்டபடியே இருக்கின்றன. ஒரு தலைமுறை முடியுமுன் அடுத்ததற்குப் பந்தி விரித்தாயிற்று. பூச்சியை வளர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நாமே திட்டமிட்டாலும் செய்திருக்க முடியாது.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதும் மேலே சொன்னவற்றால் விளங்கும். தெளித்த மருந்து இலையின் மேற்பரப்பில் நிற்கின்றது. புழு தோலுக்குக் கீழே இருக்கின்றது. கூட்டுப்புழுவோ மடித்த விளிம்புக்குட் பட்டுப் போர்வையில் உறங்குகின்றது. மருந்து பட்ட இலை முற்றிவிடும். மூன்றாம் நாள் எழும் புதுக் கொழுந்தில் மருந்தில்லை. ஆனால் வெளியே நடமாடும் ஒன்றின் மேல் அம்மருந்து நன்றாகவே படுகின்றது. அவ்வொன்றைப் பற்றி ராத்தா அறிந்திருக்கவில்லை. கடையில் மருந்து கொடுத்தவரும் சொல்லவில்லை.

அது ஒரு குளவி. குளவி என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கின்றது, அவ்வளவு சிறிது. சுரங்கம் வெட்டும் புழுவே மூன்று மில்லிமீற்றர் என்றால், அதன் உடலில் வளரும் குளவி எவ்வளவு இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தாய்க்குளவி இலையின் மேல் நடந்து, உணர்கொம்புகளால் தட்டித் தட்டிச் சுரங்கத்தைத் தடவி, புழு இருக்குமிடம் கண்டதும் இலைத்தோலினூடே ஊசி போன்ற உறுப்பைச் செலுத்தி முட்டையிடும். குளவியின் குஞ்சு புழுவைத் தின்று வளரும். சுரங்கத்தில் முடிவது அந்துப்பூச்சியின் கதை அன்று, குளவியின் கதை. இவ்வகைக் குளவிகள் பல இனங்களாக ஆசியா முழுவதிலும் இருக்கின்றன. தேசி மரத்துக்கு நாம் காவல் வைத்ததில்லை. காவல் தானாகவே இருந்து வருகின்றது.

நம் மாணவர் இருவர் இதனைக் கண்ணாற் காண விரும்பினர். மருந்து கண்டிராத கிணற்றடித் தேசி மரமொன்றிலிருந்தும், ராத்தாவின் கன்றுகளிலிருந்தும் விளிம்பு மடிந்த இலைகளைப் பறித்து, இரு போத்தல்களில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி வைத்தனர். நாற்றுமேடை இலைகளிலிருந்து வெள்ளிச் சிறகுப் பூச்சிகளே வந்தன. கிணற்றடி மரத்தின் போத்தலிற் பூச்சி இரண்டொன்று. மற்றவை யாவும் மிளகுத்தூள் தூவியது போன்ற கருங்குளவிகள். இரண்டு போத்தல்களைக் கொண்டு ஒரு முடிவை நிலைநாட்ட முடியாது என்பதை அம்மாணவர்க்குச் சொன்னோம். ஆயினும் ராத்தா அவ்விரண்டையும் வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்பூச்சி நமக்கு மட்டும் உரியதன்று. அரேபியாவிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாக யப்பான் வரை அதன் தாயகம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவுஸ்திரேலியாவை அடைந்தது. கிழக்கு ஆபிரிக்காவிலும் இடம் பிடித்தது. பின்னர் நெடுங்காலம் பெரிய பயணம் எதுவும் இல்லை. 1993ஆம் ஆண்டில் அணை உடைந்தது போலாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்கோடியிலுள்ள நாற்றுமேடைகளில் அது காணப்பட்டது. அதே ஆண்டு ஸ்பெயினின் தென்கரையிலும் காணப்பட்டது. ஓராண்டுக்குட் புளோரிடாவின் தோடந்தோட்டங்கள் எங்கும் பரவி, 1994இல் ரெக்சாஸ், மெக்சிக்கோ எல்லைகளைத் தொட்டது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் இரண்டு மூன்றாண்டுகளில் அதன் வசமாயின. 1996இற் பிறேசில், 2000இற் கலிபோர்ணியா. இவ்வளவு சிறிய சிறகால் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க இயலாது. மனிதர் கொண்டுசென்ற கன்றுகளின் கொழுந்துகளிலேயே அது கப்பலும் விமானமும் ஏறியிருக்க வேண்டும். பழத்தோலில் இதன் சுரங்கம் அரிதாகவே அமையும். ஆகவே பழ வணிகத்தைவிடக் கன்று வணிகமே வழி. (எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. தென்னமெரிக்காவுக்கு உரியதாகிய தக்காளி இலைச்சுரங்கப்பூச்சி 2006இல் ஸ்பெயினுக்கும், 2014இல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.)

புளோரிடாவிற் பட்ட துன்பம் பெரிது. அங்கே பூச்சி சென்றது. அதன் பகைவராகிய குளவிகள் உடன்செல்லவில்லை. உள்ளூர்க் குளவிகள் சில புதிய இரையைக் கற்றுக்கொண்டன என்பது உண்மையே. ஆயினும் அது போதவில்லை. புளோரிடாப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் அறிஞராகிய மார்ஜரி ஹோய் என்னும் அம்மையாரும் அவரோடு பணிபுரிந்தோரும், தாய்லாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு முன்னரே கொண்டுசெல்லப்பட்டிருந்த குளவியொன்றை 1994இல் அங்கிருந்து தருவித்து விட்டனர். அஜெனியாஸ்பிஸ் சிட்ரிக்கோலா என்பது அதன் பெயர். அந்துப்பூச்சியின் முட்டையிலோ பிறந்த புழுவிலோ அக்குளவி ஒரு முட்டையிடும். அம்முட்டை தானாகவே பலவாகப் பிரிந்து, ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் பிறக்கும். புளோரிடாவில் அது நன்றாக வேரூன்றியது. 1998இற் பிறேசிலும் அதனைக் கொண்டுசென்றது. வறண்ட காற்றுள்ள ஸ்பெயினிலோ அது நிலைக்கவில்லை. அங்கே ஆசியாவைச் சேர்ந்த வேறொரு சிறு குளவியே நிலைபெற்றது. ஓரிடத்து மருந்து எல்லா இடத்துக்கும் ஆகாது என்பது குளவிக்கும் பொருந்தும் போலும்.

இது நமக்குப் புதுமையான வித்தை என்று எண்ண வேண்டா. 1970இல் இலங்கையின் தென்னைகளில் இலைச்சுரங்க வண்டு ஒன்று தோன்றியது. அந்துப்பூச்சியன்று, வண்டினம், ஆயினும் தொழில் ஒன்றே. ஓலைகள் தீய்ந்தாற்போற் காணப்பட்டன. சிங்கப்பூரிலிருந்து தருவித்த ஒரு சிறு குளவியை விட்டே அவ்வண்டு அடக்கப்பட்டது. இன்று தென்னை வைத்திருப்போரிற் பெரும்பாலோர் அவ்வண்டின் பெயரைக்கூட அறியார். வெற்றி முழுமையாக இருந்தால் அதை மறந்துவிடுவது மக்கள் இயல்பு.

இனி ஒரு கேள்வி எஞ்சுகின்றது. சுரங்கம் வெட்டுவதால் மரத்துக்கு உண்மையில் என்ன கேடு? வளர்ந்த மரத்துக்கு மிகக் குறைவு. சதை கெடாதிருப்பதால் சுருண்ட இலையும் ஓரளவு உணவு ஆக்கிக்கொண்டுதான் இருக்கும். பல வளவுகளிற் சுருண்ட இலைகளையெல்லாம் வெட்டிக் குவித்துத் தீயிடுகின்றார்கள். அது தவறு என்பது நம் எண்ணம். வெட்டிய இடத்திலிருந்து மறு கொழுந்து புறப்படும்; அது பூச்சிக்கு அழைப்பு. வெட்டிய இலைகளோடு குளவிகளும் சாம்பலாகின்றன. ஆனால் இளங்கன்றுக்கு உள்ள இலையே கொஞ்சம். அங்கே கேடு உண்மையானது. வளர்ச்சி தடைப்படும்.

இவற்றிலும் கடியது சொறிநோய். தேசிக்காயின் தோலிலும் இலையிலும் தக்கை போன்ற பழுப்புப் புண்கள் எழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையமிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது பற்றீரியா ஒன்றின் வேலை. அந்நோயும் ஆசியாவுக்கு உரியதே. 1827க்கும் 1831க்கும் இடையில் இந்தியாவிற் சேகரித்து இலண்டன் கியூ தோட்டத்தில் உலர்த்தி வைத்த நாரத்தை இனத்து இலைகளிலேயே அப்புண்கள் காணப்பட்டன. நம் அந்துப்பூச்சி அந்நோயைச் சுமந்து செல்வதில்லை. ஆனால் அது தோலைக் கிழித்து நெடிய காயத்தைத் திறந்து வைக்கின்றது. காற்றோடு மழை அடிக்கும்போது புண்ணிலிருந்து தெறிக்கும் நீர் அக்காயத்தில் விழுந்தால், நோய்க்கு வாசல் திறந்தாயிற்று. சாதாரணக் காயம் சில நாளில் ஆறும். சுரங்கக் காயம் ஆறுவதற்கு நாட்கள் மிகும். வடகீழ்ப் பருவக்காற்று மழையை வாரி இறைக்கும் நம் கிழக்குக் கரையில் இது சிறிய செய்தியன்று. அதிலும் தேசி இனம் இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது.

பூச்சியும் நோயும் கைகோத்தால் என்ன நேரும் என்பதைப் புளோரிடா கண்டது. 1995இல் மயாமி நகரருகே சொறிநோய் காணப்பட்டதும், அதனை வேரறுக்க அரசு முனைந்தது. நோயுற்ற மரத்திலிருந்து 1,900 அடிக்குள் நின்ற சிட்ரஸ் மரங்கள் யாவும், நோயில்லாதவையுங்கூட, வெட்டப்பட வேண்டும் என்று பின்னர் விதி வந்தது. தோட்டங்களில் மட்டுமன்று, வீட்டு முற்றங்களிலும் வெட்டினார்கள். தந்தை நட்ட மரம், பிள்ளை நட்ட மரம் என்று மக்கள் நீதிமன்றம் சென்றனர். இலட்சக்கணக்கில் மரங்கள் வீழ்ந்தன. 2004, 2005ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் நோயை எங்கும் தூவிவிட, 2006இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒரு வீட்டின் தேசி மரத்தை அரசாங்க வாள் வந்து அறுப்பதை நினைத்துப் பார்த்தால், கிணற்றடி மரத்தின் மதிப்பு நமக்கு விளங்கும். நோன்பு திறக்கும் வேளைக்குச் சர்பத்துக்கும், கோயில் வாசலுக்கும், காய்ச்சற்காரன் நாக்குக்கும் காய் தருவது அந்த ஒரு மரமே.

ராத்தாவுக்கு நாம் சொன்னது சிலவே. கிழமைதோறும் யூரியா வேண்டா; நன்கு மக்கிய எருவைப் பையின் மண்ணிற் கலந்தாற் போதும். உரம் இடுவதாயின் எல்லாக் கன்றுகளுக்கும் ஒரே நாளில் இடுவது நன்று. தளிரும் ஒருங்கே எழும், ஒருங்கே முற்றும். ஒட்டுக்கன்றின் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் வீண்தளிரை அவ்வப்போது விரலாற் கிள்ளிவிட வேண்டும். கொழுந்து அரை விரல் நீளமாகும்போது மாலையில், சிறிது சவர்க்காரத்தோடு கலக்கிய வேப்பெண்ணெயை இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால், எண்ணெய் படிந்த இலையிற் பூச்சி முட்டையிடத் தயங்கும். தளிர் எழும் வாரங்களில் மட்டுமே அது தேவை. முற்றிய இலைக்கு எதுவும் வேண்டா. வலிய நச்சு மருந்தை நிறுத்திக் குளவிக்கு ஒரு பருவம் இடங்கொடுக்க வேண்டும். சொறிப்புண் உள்ள கன்று ஒன்றுகூட மற்றவற்றோடு நிற்கலாகாது; மழைக்காலத்தில் மேலிருந்து நீர் தெளிக்கவும் ஆகாது, அடியில் ஊற்ற வேண்டும்.

“ஒரு பருவம் பொறுத்தா, அந்த மாசச் செலவுக்கு என்ன செய்யிறது சேர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கன்றுகளில் ஒரு பாதியை மட்டும் வளவின் மறுபுறம் ஒதுக்கி, அங்கே மருந்தை நிறுத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அப்பாதியிலும் முதல் இரண்டு தளிர் சுருளத்தான் செய்தன. மூன்றாவது தளிரில் நேரிய இலைகள் கூடுதலாக இருந்தன என்று சொல்லியனுப்பினார். மற்றப் பாதிக்கு வாங்கி வைத்திருந்த மருந்துப் போத்தல் இன்னும் திறக்கப்படாமற் கோழிக்கூட்டின் மேலே இருக்கின்றதாம். பிள்ளைகள் கைக்கெட்டாத இடத்திற் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கின்றோம்.

போத்தற் சோதனையைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்க்கு இரண்டொரு குறிப்பு. விளிம்பு மடிந்த இலைகளை மட்டும் பறியுங்கள். மடிப்பில் உமித்தோல் நீட்டியிருந்தால் அது காலி வீடு, விட்டுவிடுங்கள். காம்பை ஈரப்பஞ்சாற் சுற்றினால் இலை வாடாது. போத்தலுக்குள் நீர்த்துளி வியர்த்தாற் பூசணம் பிடித்துக் கூட்டுப்புழு அழுகும். ஆகவே மூடி போடாது மெல்லிய துணியே கட்டுக. வெயிலில் வையாதீர்கள். நாள்தோறும் காலையிற் பாருங்கள். துணியின் அடிப்புறத்தில் வெள்ளைத் துகள் அமர்ந்திருந்தால் அந்துப்பூச்சி. கரும்புள்ளி விரைந்து நடந்தாற் குளவி. எண்ணிக் குறித்துக்கொண்டபின், குளவிகளைத் தேசி மரத்தடிக்குக் கொண்டுபோய்த் துணியை அவிழ்த்துவிடுங்கள்.